தலாமஸ் வெறும் ரிலே ஸ்டேஷனா, இல்ல நனவோட கதவா?

நீங்க கேட்டது பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருக்கு, பிரிச்சா உள்ள ரெண்டு மூணு கிடக்கு. சித்தப்பாவுக்கு போன மாசம் ஸ்ட்ரோக், எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல இடது தலாமஸ்ல சின்ன லாகுனார் இன்ஃபார்க்ட்னு (ரத்தம் கிடைக்காம செத்துப்போன குட்டி இடம்) போட்டிருக்காங்க, வலது கையும் வலது கன்னமும் மரத்துக் கிடக்கு, மத்தபடி மனுஷன் நல்லா பேசுறார், டீயில சர்க்கரை கம்மின்னு சண்டை கூட போடுறார்னு எழுதியிருக்கீங்க. ஸ்கூல்ல தலாமஸ்னா ரிலே ஸ்டேஷன், அதாவது வர்ற சேதியை வாங்கி மேல தாண்டி விடற இடம்னு படிச்சீங்க. இப்ப நெட்ல தேடினா "நனவின் கதவு தலாமஸ்தான், மூளை ஸ்கேன்ல கண்டுபிடிச்சாச்சு"ன்னு செய்தி வருது. அப்படின்னா கதவு உடைஞ்ச சித்தப்பா எப்படி முழிச்சுக்கிட்டு டீ குடிக்கிறார், யார் பொய் சொல்றான்னு கேக்குறீங்க. ஸ்கேன்ல தெரியறத வச்சு தலாமஸைப் பத்தி எவ்வளவு தூரம் பேசலாம்ங்கறதுதான் இதுக்கெல்லாம் அடியில இருக்கற கேள்வின்னு நான் எடுத்துக்கறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. பிசிக்ஸ் படிச்சுட்டு எம்ஆர்ஐ பக்கம் ஒதுங்கினவன், பதினோரு வருஷமா எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்யறப்ப ரத்த ஓட்டம் மாறறதைப் பார்க்கற எம்ஆர்ஐ) டாட்டாவை அலசறதுதான் பொழப்பு, அதுல பாதி நாள் தலாமஸோட மல்லுக்கட்டினது. அதனால ஸ்கேன் பத்தி தைரியமா பேசுவேன், உங்க சித்தப்பாவோட மாத்திரை பத்தி பேச மாட்டேன்.

தலாமஸ்னு ஒருமையில சொல்றதுலயே பாதிக் குழப்பம் வந்துடுது. மூளையோட நட்டநடுவுல, மூணாவது வென்ட்ரிக்கிள்ங்கற திரவம் நிறைஞ்ச சந்துக்கு ரெண்டு பக்கமும், காடை முட்டை மாதிரி ரெண்டு இருக்கு, ஒவ்வொண்ணும் சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் நியூக்ளியஸ்னு சொல்ற சின்னச்சின்ன செல் கூட்டங்கள், எப்படிப் பிரிக்கறோம்ங்கறதைப் பொறுத்து 30ன்னும் எண்ணலாம், 50, 60ன்னும் எண்ணலாம். பழைய கூட்டுக்குடும்ப வீட்டை நினைச்சுக்கோங்க, வெளிய ஒரே கூரை, உள்ள தனித்தனி அடுப்பு, ஒருத்தர் அடுப்புல என்ன வேகுதுன்னு அடுத்தவருக்கு அவ்வளவா தெரியாது. (தலாமஸ்ங்கற கிரேக்க வார்த்தைக்கே உள் அறைன்னுதான் அர்த்தம், அது வேற கதை.) கண்ணுல இருந்து வர்றது ஒரு அறைக்கு, காதுல இருந்து வர்றது பக்கத்து அறைக்கு, உடம்போட தொடு உணர்ச்சி ஒண்ணுக்கு, முகத்தோட தொடு உணர்ச்சி அதை ஒட்டின இன்னொண்ணுக்கு. மூக்கு மட்டும் இதுல சேராது, வாசனை தலாமஸைக் கேக்காமலே நேரா கார்டெக்ஸுக்கு, அதாவது மூளையோட வெளி அடுக்குக்குப் போயிடும்.

உங்க சித்தப்பா கதை இங்கயே பாதி முடிஞ்சுது. 15 மில்லிமீட்டருக்குள்ள இருக்கற குட்டி இன்ஃபார்க்டைத்தான் வழக்கமா லாகுனார்னு சொல்லுவாங்க. இடது முட்டையோட பின்பக்க ஓரத்துல, தொடு உணர்ச்சி வாங்கற அறைகள்ல அது விழுந்தா எதிர்ப்பக்கம் கையும் முகமும் மரத்துப் போகும், முழிப்புக்கு ஒண்ணும் ஆகாது. ரிப்போர்ட்ல அறை நம்பர் போட மாட்டாங்க, இடது தலாமஸ்னு மட்டும்தான் இருக்கும், அறிகுறியை வச்சு நான் சொல்றேன். ஆனா இதே தலாமஸ்ல இன்னொரு விதமான ஸ்ட்ரோக் உண்டு. சிலருக்கு ரெண்டு தலாமஸோட நடுப்பகுதிக்கும் ஒரே ஒரு ரத்தக்குழாய்ல இருந்துதான் ரத்தம் போகும், பெர்ஷரான் ஆர்ட்டரின்னு பேரு, அது அடைச்சா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போயிடும். அந்த ஆள எழுப்பவே முடியாது, எழுப்பினாலும் திரும்பத் தூங்கிடுவார், வீட்டுல தூக்க மாத்திரை ஏதாவது போட்டுட்டாரான்னு பதறிக்கிட்டு கூட்டிட்டு வருவாங்க. எந்த அறை, ஒரு பக்கமா ரெண்டு பக்கமாங்கறதுல மரத்துப்போன கன்னத்துக்கும் கண்ணே திறக்காத நிலைமைக்கும் அவ்வளவு வித்தியாசம். செய்தியில வர்ற தலாமஸும் சித்தப்பா ரிப்போர்ட்ல இருக்கற தலாமஸும் ஒரே வீடு, வேற வேற அடுப்பு.

இப்ப அந்த ரிலே ஸ்டேஷன் சமாச்சாரம். அது பொய் இல்ல, ஆனா பாதிதான். கண்ணுக்கான அறைக்கு லேட்டரல் ஜெனிகுலேட்னு பேரு, அதை எடுத்துக்கோங்க. அங்க இருக்கற செல்களுக்கு வந்து சேர்ற சினாப்ஸ் இணைப்புகளை மிருகங்கள்ல எண்ணிப் பார்த்திருக்காங்க, விழித்திரையில இருந்து வர்றது 5ல இருந்து 10 சதவீதம்தான். மிச்சம் எல்லாம் கார்டெக்ஸ்ல இருந்து திரும்பி வர்றது, மூளைத்தண்டுல இருந்து வர்றது, பக்கத்துல தலாமஸை போர்வை மாதிரி சுத்தியிருக்கற ரெடிகுலர் நியூக்ளியஸ்ல இருந்து வர்றது. அந்த 5, 10 சதவீதம் ரொம்ப பலமான இணைப்பு, சேதியைக் கொண்டு வர்றது அதுதான், ஆனா சேதியை அனுப்பலாமா, எப்ப அனுப்பலாம், எவ்வளவு சத்தமா அனுப்பலாம்னு தீர்மானிக்கறது மிச்ச 90. வெறுமனே தாண்டி விடற இடத்துக்கு எதுக்கு இவ்வளவு மேஸ்திரி? மர்ரே ஷெர்மன், ரே கில்லரின்னு ரெண்டு மூளை ஆராய்ச்சியாளர்கள் இதை வச்சுத்தான் வருஷக்கணக்கா வாதாடினாங்க, சேதியைக் கொண்டு வர்றது டிரைவர், அதைக் கூட்டிக் குறைக்கறது மாடுலேட்டர்னு ரெண்டா பிரிச்சாங்க. அவங்க சொன்னதுல எனக்கு ரொம்ப பிடிச்சது இன்னொண்ணு: தலாமஸ்ல பெரிய அறைகளான பல்வினார், மீடியோடார்சல் இதுக்கெல்லாம் முக்கியமான சேதி வர்றதே கார்டெக்ஸ்ல இருந்துதான். அதாவது கார்டெக்ஸோட ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு நேரா பேசிக்கறது போக, தலாமஸ் வழியாவும் ஒரு சுத்து சுத்திப் பேசுது. மனுஷ மூளையில பல்வினார்தான் இருக்கறதுலயே பெரிய நியூக்ளியஸ், கண்ணும் காதும் நேரா அதுக்குள்ள கொட்டறதில்ல.

இதுக்கு மனுஷங்கள்ல ஸ்கேன் சாட்சி உண்டா? உண்டு. 2002ல பிரின்ஸ்டன்ல சபீன் காஸ்ட்னர் குழு, ஆளை எஃப்எம்ஆர்ஐ உள்ள படுக்க வச்சு, கண்ணை நகர்த்தாம ஒரு ஓரத்துல இருக்கற படத்தை கவனிக்கச் சொன்னாங்க, அப்புறம் அதே படம் இருக்க கவனத்தை வேற பக்கம் திருப்பச் சொன்னாங்க. கண்ணுக்குள்ள விழறது ரெண்டு தடவையும் ஒண்ணுதான், ஆனா கவனிச்சப்ப ஜெனிகுலேட்ல சிக்னல் ஏறுது, கவனிக்காதப்ப இறங்குது. சேதி கார்டெக்ஸுக்குப் போற வழியிலயே கவனம் அதுல கை வச்சிருக்கு. இது நான் உறுதியான பக்கத்துல வைக்கிற விஷயம்.

இனிமே என் வயித்தெரிச்சல் பேட்டை. வழக்கமான எஃப்எம்ஆர்ஐல ஒரு வாக்சல் (படத்தோட ஒரு குட்டிக் கட்டம்) 3 மில்லிமீட்டர் கன சதுரம், அதாவது 27 கன மில்லிமீட்டர். ஜெனிகுலேட் மொத்தமே 100 கன மில்லிமீட்டர் சொச்சம். கணக்குப் போட்டா நாலஞ்சு வாக்சல், அதுலயும் பாதி வாக்சல் பக்கத்து அறையோட பங்கு கலந்தது. ரெடிகுலர் போர்வை 1 மில்லிமீட்டர் பக்கம்தான் தடிமன், அதை இந்த வாக்சல்ல பார்க்கறது மீன் வலையில கடுகு அள்ளற கதை. இதுக்கு மேல சிக்னலை வாங்கற காயில் தலையைச் சுத்தி வெளிய இருக்கு, தலாமஸ் நடுவுல இருக்கு, தூரம் அதிகம்ங்கறதால சிக்னல் மெலிஞ்சுதான் வரும். பக்கத்துலயே வென்ட்ரிக்கிள், ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அந்த திரவம் குலுங்கும், ரத்தக்குழாய் துடிக்கும். இவ்வளவு பத்தாதுன்னு நம்ம ஆளுங்க சிக்னல்ல கலந்த இரைச்சலைக் குறைக்கறேன்னு 6 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர்னு படத்தை மங்கலாக்குவாங்க, கார்டெக்ஸுக்கு அது சரி, தலாமஸுக்கு அது பத்து அடுப்புக் குழம்பையும் ஒரே அண்டாவுல ஊத்திக் கலக்கற மாதிரி.

நானே இதுல வழுக்கி விழுந்திருக்கேன். சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஞாபக சக்தி சம்பந்தமான ஒரு டாஸ்க்ல தலாமஸோட உள் ஓரத்துல அழகா ஒரு சிவப்புப் புள்ளி, ரெண்டு பக்கமும் சமச்சீரா, புள்ளிவிவரம் எல்லாம் பாஸ். மீடியோடார்சல் நியூக்ளியஸ்னு எழுதி, முக்கால்வாசி பேப்பரையும் முடிச்சு, ராத்திரி தூக்கமே வரல சந்தோஷத்துல. அப்புறம் ஒரு சீனியர் அக்கா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "விரல்ல மாட்டின பல்ஸ் சென்சார் டாட்டாவை ரெக்ரஷன்ல போட்டியாப்பா?" நாடித் துடிப்பால வர்ற பங்கைக் கணக்குல கழிச்சியான்னு அர்த்தம். போடல. போட்டேன். புள்ளி காணோம். டாஸ்க் கஷ்டமா இருந்தப்ப ஆட்களுக்கு நெஞ்சு வேகமா அடிச்சிருக்கு, வென்ட்ரிக்கிள் ஓரம் அதுக்கேத்த மாதிரி ஆடியிருக்கு, நான் அதை ஞாபக சக்தின்னு நினைச்சுட்டேன். அன்னையில இருந்து யாராவது தலாமஸ்ல ஒரு புள்ளியைக் காட்டி தலைப்புச் செய்தி போட்டா முதல்ல அந்த புள்ளி வென்ட்ரிக்கிள்ல இருந்து எத்தனை மில்லிமீட்டர்னுதான் பார்ப்பேன்.

அதுக்காக இமேஜிங் ஒண்ணுக்கும் உதவாதுன்னு இல்ல. 2003ல ஆக்ஸ்ஃபோர்ட்ல டிம் பெரன்ஸும் கூட்டாளிகளும் ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. சாதா எம்ஆர்ஐல தலாமஸ் உள்சுவரெல்லாம் தெரியாது, ஒரே சாம்பல் கலர். அவங்க தண்ணி மூலக்கூறு எந்தப் பக்கம் சுலபமா நகருதுன்னு பார்க்கற டிஃப்யூஷன் ஸ்கேனை எடுத்துக்கிட்டு, கார்டெக்ஸை 7 பகுதியா பிரிச்சு, தலாமஸோட ஒவ்வொரு வாக்சல்ல இருந்தும் நரம்பு இழை எந்தப் பகுதிக்கு அதிகமா போகுதுன்னு கணக்குப் போட்டு, அதுக்கேத்த கலர் அடிச்சாங்க. அறைக்குள்ள எட்டிப் பார்க்க முடியல, சரி, எந்த அறைக்கு எந்த ஊர்ல இருந்து ஒயர் வருதுன்னு பார்த்து அறையைக் கண்டுபிடிக்கற வித்தை. வந்த படம் செத்துப்போனவங்க மூளையை அறுத்துப் பார்த்து வரைஞ்ச அட்லஸோட நல்லாவே ஒத்துப்போச்சு. இதுலயும் ஒரு ஓட்டை உண்டு, ஒயர் இருக்குன்னு தெரியும், தலாமஸ்ல இருந்து மேல போகுதா மேல இருந்து கீழ வருதான்னு டிஃப்யூஷனுக்குத் தெரியாது. மேல நான் சொன்ன 90 சதவீத மேஸ்திரி விவகாரம் முழுக்க அந்தத் திசையிலதான் இருக்குங்கறதைக் கவனிங்க. இப்ப காந்த பலம் அதிகமான 7 டெஸ்லா மெஷின், வெள்ளைப் பகுதியோட சிக்னலை அமுக்கிட்டு எடுக்கற முறை எல்லாம் வந்த பிறகு சில உள்சுவர்கள் நேரடியாவே தெரிய ஆரம்பிச்சிருக்கு. ஆனா உங்க ஊர்ல ஸ்கேன் சென்டர்ல இருக்கறது ஒன்றரை டெஸ்லாவோ 3 டெஸ்லாவோதான் இருக்கும்.

இது எவ்வளவு நிஜமான பிரச்சனைன்னு ஒரு நாள் கண்ணால பார்த்தேன். கை நடுக்கத்துக்கு தலாமஸ்ல விம்னு ஒரு குட்டி இடத்தை அல்ட்ராசவுண்ட் கதிரை குவிச்சு சுடற சிகிச்சை இருக்கு, அமெரிக்காவுல 2016ல அனுமதி கொடுத்தது. தலையை மழுங்க மொட்டை அடிச்சு, இரும்பு ஃப்ரேம் மாட்டி, குளிர்ந்த தண்ணி ஓடற தொப்பி மாதிரி ஒண்ணுக்குள்ள தலையை வச்சு, எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள படுக்க வைக்கறாங்க, ஆள் முழிச்சுக்கிட்டே இருக்கணும். அந்த விம் சாதா ஸ்கேன்ல தெரியவே தெரியாது. மூளையோட நடுவுல தெரியற ரெண்டு அடையாளத்துக்கு இடையில கோடு போட்டு, இத்தனை மில்லிமீட்டர் தள்ளி, இத்தனை மில்லிமீட்டர் பக்கவாட்டுலன்னு ஸ்கேல் வச்சுத்தான் இடம் குறிக்கறாங்க. முதல்ல லேசா சூடு பண்ணிட்டு ஆளை வெளிய இழுத்து அட்டையில சுருள் வரையச் சொன்னாங்க. காலையில அவர் வரைஞ்சது கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. இப்ப கோடு கொஞ்சம் நேரா வருது, ஆனா அவர் "விரல் நுனி ஊசி குத்தற மாதிரி இருக்கு சார்"னார். அதைக் கேட்டதும் டாக்டர் கதிரை கொஞ்சம் முன்னாடி நகர்த்தினார். ஏன்னா விம்முக்கு ஒட்டிப் பின்னாலதான் தொடு உணர்ச்சி அறை இருக்கு, உங்க சித்தப்பாவுக்கு அடி விழுந்த அதே அறை. பல கோடி ரூபாய் மெஷின் காட்டாத சுவரை அந்தப் பெரியவர் விரல் நுனி காட்டிச்சு.

சரி, நனவுக் கதவு. நீங்க அனுப்பின செய்தி 2025ல சயன்ஸ் பத்திரிகையில பெய்ஜிங் குழு போட்ட ஆய்வைப் பத்தினதுன்னு அதுல இருக்கற விவரத்தை வச்சுத் தெரியுது. அதுல ஸ்கேன்ல கண்டுபிடிச்சாங்கங்கறதே தப்பு. தீராத தலைவலி சிகிச்சைக்காக மூளைக்குள்ள எலக்ட்ரோடு வச்சிருந்த அஞ்சு பேருக்கு, தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கற மங்கலான படத்தைக் காட்டி, பார்த்தேன், பார்க்கலன்னு அவங்க சொல்றப்ப தலாமஸ்லயும் முன்மூளையிலயும் (நெத்திக்குப் பின்னால இருக்கற கார்டெக்ஸ்) என்ன நடக்குதுன்னு நேரடியா பதிவு பண்ணாங்க. பார்த்தேன்னு சொன்ன தடவைகள்ல தலாமஸோட நடு, உள்பக்க அறைகள் முன்மூளையை முந்திக்கிட்டு எழுந்துச்சு. எஃப்எம்ஆர்ஐ இதைச் சொல்லியிருக்கவே முடியாது, அது பார்க்கறது ரத்த ஓட்டத்தை, அது உச்சத்துக்கு வர்றதுக்கே அஞ்சாறு செகண்ட் ஆகும், இங்க சண்டை மில்லி செகண்ட்ல. நல்ல ஆய்வு, அஞ்சே பேர், எலக்ட்ரோடு இருந்த இடத்துல மட்டும் பார்த்தது. கதவுங்கற வார்த்தைக்கு இது மட்டும் பத்தாது.

ஆனா இது தனியா நிக்கல, அதனாலதான் தூக்கிப்போட மனசு வரல. கேரன் ஆன் குவின்லன்னு அமெரிக்காவுல நியூ ஜெர்சியில ஒரு பொண்ணு, 1975ல 21 வயசுல நினைவு தப்பி, 10 வருஷம் அப்படியே கிடந்து 1985ல இறந்தாங்க, வென்டிலேட்டரை எடுக்கலாமான்னு கோர்ட் வரைக்கும் போன கேஸ். மேல இருக்கற கார்டெக்ஸ் முழுக்க அழிஞ்சிருக்கும்னு எல்லாரும் நினைச்சாங்க. 1994ல மூளை ஆய்வு வெளிவந்தப்ப ரொம்ப மோசமா போயிருந்தது தலாமஸ். 2007ல நிக்கலஸ் ஷிஃப் குழு, அடிபட்டு ஆறு வருஷமா அரைகுறை நினைவுல இருந்த 38 வயசுக்காரருக்கு நடுத்தலாமஸ்ல கரண்ட் கொடுத்தாங்க, அவர் வாயால சாப்பிடவும் வார்த்தை சொல்லவும் ஆரம்பிச்சார். 2020ல விஸ்கான்சின்ல மயக்கத்துல இருந்த குரங்குக்கு அதே பக்கத்துல செகண்டுக்கு 50 தடவை துடிப்பு கொடுத்தா, மயக்க மருந்து ஓடிக்கிட்டு இருக்கறப்பவே கண்ணைத் திறந்து கை நீட்டுது, நிறுத்தினா திரும்ப மயங்குது. நடு அறைகள் முழிப்புக்கு வேணும்ங்கறதுல எனக்கு சந்தேகம் இல்ல.

யார் யாரை எழுப்பறா, யார் முதல்ல தூங்கறாங்கறதுலதான் சந்தேகம். மயக்க மருந்து கொடுத்து, மூளையில எந்த இடம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டற பெட் (PET) ஸ்கேன் எடுத்தா தலாமஸ் மங்குது, உடனே ஸ்விட்ச் இங்கதான்னு ஒரு கூட்டம் சொல்லிச்சு. 2007ல பிரான்ஸ்ல பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஆழத்துல எலக்ட்ரோடு இருக்கறப்ப மயக்கம் கொடுத்துப் பார்த்தா, நினைவு போற நிமிஷம் முதல்ல மாறினது கார்டெக்ஸ், ஆழத்துல இருக்கறது மெதுவாத்தான் பின்னால வந்துச்சு. 2010ல அதே பிரான்ஸ்ல வலிப்பு நோயாளிகள் சாதாரணமா தூங்கப் போறப்ப பார்த்தா தலைகீழ், தலாமஸ் முதல்ல அடங்குது, கார்டெக்ஸ் சில நிமிஷம் கழிச்சுத்தான். ஆக பெட் ஸ்கேன்ல தலாமஸ் மங்கினது காரணமா விளைவாங்கறதை அந்தப் படத்தைப் பார்த்து சொல்லவே முடியாது. ஃபியூஸ் போனா வீடு இருட்டாகும், அதுக்காக வெளிச்சம் ஃபியூஸ்குள்ள இருந்துதான் வருதுன்னு எழுதினா எப்படி?

இன்னொண்ணு, இதே வேகத்துல "தலாமஸ் கனெக்டிவிட்டி ஸ்கேன்"னு தனியா ஒண்ணு எடுத்துப் பார்க்கலாமான்னு கடைசியில கேட்டிருந்தீங்க. வேண்டாம், காசு வேஸ்ட். ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனச்சிதைவு நோய்ல தலாமஸுக்கும் முன்மூளைக்கும் தொடர்பு குறைஞ்சும், தொடுதல், அசைவுப் பகுதியோட தொடர்பு கூடியும் இருக்குன்னு பல குழுக்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க, அது நம்பிக்கையான கண்டுபிடிப்புதான், ஆனா நூறு பேரோட சராசரியை இன்னொரு நூறு பேரோட ஒப்பிட்டு வந்தது. ஒரு ஆளோட ஸ்கேனை கையில கொடுத்து இவருக்கு என்னன்னு கேட்டா நாங்க முழிப்போம். உங்களுக்கு உபயோகமான ஒண்ணு சொல்லணும்னா, 2017ல காய் ஹ்வாங், மார்க் டெஸ்போசிட்டோ குழு தலாமஸ் பல நெட்வொர்க்குகள் கூடற சந்தின்னு காட்டினாங்க, தலாமஸ்ல சின்னதா ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு தூரத்துல இருக்கற கார்டெக்ஸ் நெட்வொர்க்குகளோட அமைப்பே குழம்பியிருந்துச்சு. அதனால சித்தப்பா சீக்கிரம் களைச்சுப் போறார், ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா எரிச்சல் படறார்னு இருந்தா, கை மட்டும்தானே மரத்துச்சு, என்ன நடிப்புன்னு யாரும் திட்டாதீங்க.

நியூராலஜிஸ்ட்கிட்ட அடுத்த தடவை போறப்ப ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. இந்த அறையில அடிபட்ட சிலருக்கு வாரங்கள், மாசங்கள் கழிச்சு அந்த மரத்த பக்கமே எரிய ஆரம்பிக்கும், சட்டை உரசினாக்கூட வலிக்கும், டெஜரின், ரூசின்னு ரெண்டு பிரெஞ்சு டாக்டர்கள் 1906லயே எழுதி வச்ச சங்கதி. எல்லாருக்கும் வராது. வந்தா சாதா வலி மாத்திரைக்குப் பெரும்பாலும் கேக்காது, அதுக்குன்னு வேற மருந்து இருக்கு, அதனால சித்தப்பா வலது கை எரியுதுன்னு சொன்னா பிரமைன்னு விட்டுடாம அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அதுவரைக்கும் டீ டம்ளரை அவர் இடது கையில கொடுங்க, வலது கைக்கு சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பார்.